இழுவை குறைந்த பழைய டீசல் வேன்: கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய டீசல் வேன்களை இன்னும் தொழிலுக்கு வைத்திருப்போர் கேட்ட கேள்விகளுக்கு, டீசல் பம்பும் இன்ஜினும் பார்க்கும் பட்டறைக்காரன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பெரும்பாலும் டர்போவும் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் கருவி) கம்ப்யூட்டரும் இல்லாத இன்ஜின்களைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள்.

குலசேகரத்திலிருந்து: அண்ணாச்சி, எங்கள் மெட்டடோர் வேன் பாரத்தோடு பேச்சிப்பாறைப் பக்கம் ஏறும்போது இரண்டாம் கியரைத் தாண்டுவதில்லை. பம்ப் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் இழுவை கூடும் என்கிறார்கள். திருப்பலாமா?

இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். பம்ப் இன்ஜினுக்கு அனுப்பும் டீசலின் அளவைக் கூட்டும் ஸ்க்ரூ அது. இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்று எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் டீசலை முழுமையாக எரிக்க முடியும். ஒரு கிலோ டீசல் எரிவதற்குக் கணக்குப்படி ஏறத்தாழ பதினான்கரை கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய அதற்கும் மேல் வேண்டும். டர்போ இல்லாத இன்ஜினில் காற்றைக் கூட்ட வழியில்லாததால், கம்பெனி சீல் வைத்துக் கொடுத்த அளவைத் தாண்டித் திருப்பினால் முதலில் சற்று இழுவை கூடும். அதற்குப் பிறகு கூடுவதெல்லாம் கரும்புகையும் சூடும்தான். சமதளத்தில் அந்தச் சூடு தெரியாது. பாரம் ஏற்றிய வண்டி, பெடலை முழுக்க மிதித்தபடி நீண்ட ஏற்றத்தில் போகும்போதுதான் எக்ஸாஸ்ட் வால்வும் ஹெட்டும் பிஸ்டனும் அதைத் தாங்க முடியாமல் போகின்றன.

உங்கள் வேன் புதிதாக இருந்தபோது அதே பாரத்தோடு அதே ஏற்றத்தை மூன்றாம் கியரில் ஏறியிருந்தால், இடையில் போன இழுவையைத் திரும்பப் பிடிப்பதுதான் செய்ய வேண்டிய வேலை. முதலில் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவரை உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் இன்ஜின் மூடியைத் திறந்து, பம்ப் லிவர் ஸ்டாப்பரில் போய் முட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிள் நீண்டுபோனதாலோ, பெடலுக்கு அடியில் தடித்த மேட் விரித்ததாலோ, லிவர் ஒரு விரற்கடை குறைவாக நின்றுவிடும் வண்டிகள் நிறைய வருகின்றன. அவற்றுக்குச் செலவே இல்லை.

லிவர் முட்டுகிறது என்றால் ஏர் கிளீனரைப் பாருங்கள். ஃபில்டரை ஊதித் திரும்பத் திரும்பப் போடாமல் புதியதை மாட்டி, அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் ஊற்றும் பழைய வகையாக இருந்தால், அடியில் சேறாகக் கட்டிய எண்ணெயைக் கழுவிப் புதிய எண்ணெயைக் குறித்த அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். அடுத்தது டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அதன் பிறகு இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் போடச் சொல்லுங்கள், அருகில் நின்று நீங்களும் பாருங்கள். நல்ல நாசில் டீசலைப் பனிபோலத் தூவி, சட்டென்று அறுத்து நிறுத்தும். கெட்டது கோடாகப் பீய்ச்சி, நுனியில் துளி கட்டி நிற்கும். கடைசியாகப் பம்ப் டைமிங், அதாவது பம்ப் டீசலைத் தள்ளும் நேரம். டைமிங் பின்தங்கிய வண்டிக்குச் சத்தம் மென்மையாக இருக்கும் என்பதால் ஓட்டுநருக்குச் சந்தேகமே வராது. ஆனால் இழுவை குறைந்து சூடு ஏறும். இத்தனையும் முடித்த பிறகு பம்பைச் சோதிக்கும் பெஞ்சில் ஏற்றி, கம்பெனி அளவுக்கு டீசலைச் சரிசெய்வதுதான் முறை. ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டிய இடமும் அதுதான்.

தேங்காப்பட்டணத்திலிருந்து: மீன் ஏற்றும் வேன் புறப்படும்போது நன்றாக இழுக்கிறது. அரை மணி நேரத்தில் மூச்சு வாங்குகிறது. சற்று நிறுத்தி எடுத்தால் மீண்டும் சரியாக ஓடுகிறது. பம்ப் போய்விட்டதா?

பம்ப் மீது சந்தேகப்படும் முன் டேங்கைப் பாருங்கள். மூச்சு வாங்கும் நேரத்தில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய் வண்டி சரியானால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சரியாகவில்லை என்றால், டேங்கின் அடியில் கிடக்கும் துரு, டீசல் வெளியேறும் இடத்திலுள்ள வலையில் வந்து ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போது அது கீழே உதிர்ந்துவிடுவதால் மீண்டும் இழுக்கிறது. உப்புக்காற்றிலும் ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீரிலும் ஓடும் வண்டிகளில் இது சகஜம். வெடித்த ரப்பர் டியூப் காற்று இழுப்பதும் உண்டு. ஃபில்டருக்கு முன்னால் ஒளி ஊடுருவும் டியூப் ஒரு துண்டைச் சிறிது நேரம் மாட்டிவைத்தால் குமிழ் ஓடுவது தெரிந்துவிடும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: ஆடி மாதத்தில் முப்பந்தல் பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு வரும்போது மட்டும் வண்டி அறுபதைத் தாண்ட மறுக்கிறது. மற்ற மாதங்களில் குறையில்லை.

உங்கள் இன்ஜினில் கோளாறு இல்லை. கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நீங்கள் எதிர்கொண்டு ஓட்டுகிறீர்கள். வண்டி அறுபதில் போக, எதிர்க்காற்று முப்பதில் வந்தால், வண்டியின் முகத்தில் மோதும் காற்றின் வேகம் தொண்ணூறு; காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் அது இரண்டேகால் மடங்காகிறது. மேல் கேரியரைப் பயன்படுத்தாவிட்டால் கழற்றி வையுங்கள். அந்த இடத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டுவதே இன்ஜினுக்கு நல்லது.

மார்த்தாண்டத்திலிருந்து: பழைய இரும்புக் கடையில் நல்ல டர்போ ஒன்று கிடைத்திருக்கிறது. என் பழைய டிராக்ஸ் வண்டியில் பொருத்த முடியுமா?

பொருத்த முடியும், நிலைக்காது. அந்தக் காலத்து மெட்டடோரிலும் டிராக்ஸிலும் வந்தது மெர்சிடிஸ் பென்சின் ஓ.எம். 616 வழியில் வந்த நான்கு சிலிண்டர் இன்ஜின். அதே குடும்பத்தின் ஐந்து சிலிண்டர் இன்ஜினான ஓ.எம். 617-க்கு 1978-இல் மெர்சிடிஸே டர்போ வைத்தது. 80 குதிரைத்திறன் அளவில் இருந்தது 110-ஐத் தாண்டியது. ஆனால் அதற்காக அவர்கள் கிராங்கைப் பலப்படுத்தி, பிஸ்டன்களின் அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஏற்பாடு செய்து, எண்ணெய்ப் பம்பைப் பெரிதாக்கி, வேறு அளவில் டீசல் பம்பையும் வைத்தார்கள். இவை எதுவும் இல்லாமல், கம்ப்ரஷன் 21-க்கு 1 என்ற அளவிலுள்ள, அதாவது காற்றை இருபத்தொன்றில் ஒரு பங்காக அழுத்தும் இன்ஜினில் காற்றைத் திணித்து டீசலையும் கூட்டினால், ஹெட் கேஸ்கட்டும் பிஸ்டனும்தான் விலை கொடுக்கும். டீசலைக் கூட்டாமல் டர்போ மட்டும் வைத்தால் புகை குறையும், இழுவை பெரிதாகக் கூடாது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போது இது உங்கள் தலையில்தான் விழும். இரும்புக் கடையில் கொடுக்கும் பணத்தை நாசிலுக்கும் பம்புக்கும் செலவிடுங்கள் என்று மனதாரச் சொல்கிறேன்.

குளச்சலிலிருந்து: டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் சீறிப் பாயும் என்கிறார்களே?

பாயாது. பம்பின் உள்ளே டீசலை அழுத்தித் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கு டீசல்தான் வழவழப்பு தரும் எண்ணெய். மண்ணெண்ணெயின் வழவழப்பு போதாமல் பிளஞ்சர் கீறிக்கொண்டால், அந்தப் பம்பைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும் செலவு.

தக்கலையிலிருந்து: எல்லாம் மாற்றிவிட்டேன். நாசில் புதியது, பம்பும் பெஞ்சில் பார்த்தது. இன்னும் இழுக்கவில்லை. இன்ஜின் இறக்க வேண்டுமா?

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, துளையின் மேல் கவிழ்த்து வையுங்கள். மூடி துள்ளி விழுந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்திருக்கின்றன. அப்போதும் உடனே இறக்கிவிடாமல், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் கேஜ் வைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோர்தான். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் வால்வாகவும் இருக்கலாம், ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். அத்துடன் நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டிக்கு இன்ஜினைப் பழி சொல்வதும் நடக்கிறது.

கருங்கலிலிருந்து: பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று பெரிய டயர் போட்டோம். அதிலிருந்து ஏற்றத்தில் திணறுகிறது.

பழைய அளவுக்கே மாறுங்கள். டயர் பத்து சதவீதம் உயர்ந்தால் எல்லா கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும். ஸ்பீடோமீட்டரும் உண்மை வேகத்தைவிடக் குறைத்தே காட்டும்.