சிறைக்காவலர்களுக்கும் பொலிஸாருக்குக் கிடைக்கும் சலுகைகளைக் கொடுக்க வேண்டுமா?

கொடுக்கத்தான் வேண்டும், துவக்கை, அதாவது துப்பாக்கியை, தவிர. துவக்குக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நான் யார் பக்கம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் கணவர் 22 வருடம் சிறைக்காவலராக இருந்தவர். வீடு திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். வேலை மட்டும் எப்போதும் வேறு ஏதாவது மாவட்டத்தில். மாதத்துக்கு ஒருதரம், சில மாதம் அதுவும் இல்லை, இரவு பஸ்ஸில் வந்து விடியப்புறம் படலையைத் திறப்பார். அக்கா முற்றத்திலேயே மறிப்பா. "உள்ளுக்கு வராதீங்கோ, முதல்ல கிணத்தடிக்குப் போங்கோ." காரணம் சொறி. இலங்கைச் சிறைகளில் இருக்க வேண்டிய தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள், அதில் பாதிக்கு மேல் இன்னும் தீர்ப்பே வராத விளக்கமறியல்காரர்கள், ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு படுக்கிற இடத்தில் சொறி கைதி யார் காவலன் யார் என்று பார்க்குமா என்ன. ஒருமுறை சின்னவனுக்குத் தொற்றி, வீட்டில் அத்தனை பேரும் கழுத்துக்குக் கீழே வெள்ளை மருந்து பூசிக்கொண்டு மூன்று நாள் திரிந்தோம்.

இன்னொன்று, எண்ணுகிற பழக்கம். கன்னியாவுக்கு வெந்நீர்க் கிணறு பார்க்கப் போனாலும் வாகனத்தில் ஏறும்போது எங்களை எண்ணுவார், இறங்கினாலும் எண்ணுவார். 11 பேர். ஒருதரம் 10 என்று வந்துவிட்டது, மனுசன் முகம் வெளிறிப்போனது. சின்னம்மா சோளம் வாங்கப் போயிருந்தா, அவ்வளவுதான். நாங்கள் சிரித்தோம். அவர் அன்று முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் வழக்குத் தவணைக்குக் கைதிகளைக் கொண்டுபோன இடத்தில், அவர்களை அடைத்து வைக்கிற கூட்டுக்குள் இரண்டு பேர் அடிபட, விலக்கப் போன அத்தானுக்கும் ஒரு பொலிஸ்காரருக்கும் காயம். பொலிஸ்காரரை அவருடைய ஆட்கள் உடனே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தானுக்கு இடது மணிக்கட்டு முறிந்திருந்தது, ஆனால் பொறுப்பெடுக்க ஆள் இல்லை, பின்னேரம் கைதிகளைத் திரும்ப ஏற்றி, எண்ணி, ஒப்படைத்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. கையெழுத்து வலது கை என்பதால் தப்பினேன் என்பார். நட்டஈட்டுக்கான கோப்பு இரண்டு வருடம் மேசை மேசையாகச் சுற்றியது. பொலிஸாருக்கு எல்லாம் பாலும் தேனுமாக ஓடுகிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே கூட்டுக்குள் ஒரே அடி வாங்கிய இரண்டு பேர் அவர்கள்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். எங்கள் நாட்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டினது. அதன்படி சங்கம் அமைக்க முடியாதவர்கள் யார் என்று பார்த்தால் நீதிபதிகள், படையினர், பொலிஸார், அந்த வரிசையில் சிறைச்சாலை உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். வாயை மூட வேண்டும் என்றால் நீ பொலிஸ் மாதிரி. கேட்க வந்தால் நீ வேறு திணைக்களம்.

இது எங்கள் ஊர்க் கூத்து மட்டும் என்று நினைத்திருந்தேன். பிரித்தானியாவில் 1952ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம், வேலை நேரத்தில் சிறை அதிகாரிக்குப் பொலிஸ் கொன்ஸ்டபிளின் அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு என்கிறது. 1994இல் வந்த சட்டம் அவர்களை வேலைநிறுத்தம் செய்யவும் விடவில்லை. பிறகு 2013இல் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது பொலிஸாருக்கும் தீயணைப்புப் படைக்கும் 60 வயது என்று வைத்துவிட்டு, சிறை அதிகாரிகளைச் சாதாரண அரச ஊழியர்களோடு சேர்த்தார்கள். இளம் ஆட்களுக்கு அது 68 வரை போகும். 68 வயதில் 25 வயதுக் கைதியோடு மல்லுக்கட்ட வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் மத்திய அரசின் சிறைகளில் வேலை செய்கிறவர்களை இந்த விஷயத்தில் பொலிஸ் கணக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள், 20 வருடம் வேலை செய்தால் 50 வயதில் ஓய்வு பெறலாம். கடமையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 டொலர் என்று 1976இல் தொடங்கிய திட்டத்திலும் சிறைக்காவலர் உண்டு. மாநிலச் சிறைகள் என்றால் மாநிலத்துக்கு மாநிலம் வேறு கதை. அவ்வளவு தூரம் ஏன், தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலருக்கும் இரண்டாம் நிலைச் சிறைக்காவலருக்கும் தீயணைப்பாளருக்கும் ஒரே தேர்வு வைத்து, ஒரே சம்பள விகிதத்தில் எடுக்கிறார்கள்.

இப்போது நீங்கள் கேட்கப்போவது தெரியும். சிறைக்காவலனுக்கா சலுகை, அதையும் ஒரு தமிழன் கேட்பதா? 1983 ஜூலை 25, 27 இரண்டு நாளிலும் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றது சக கைதிகள் என்றார்கள், சாவி யார் கையில் இருந்தது என்று எங்கள் வீடுகளில் இன்றும் கேட்பார்கள். அத்தான் இந்த வேலையில் சேர்ந்தபோது எங்கள் அப்பா இதைக் கேட்டு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அதே வெலிக்கடையில் 2012இல் 27 பேர், 2020இல் மஹர சிறையில் 11 பேர் என்று கைதிகள் செத்தார்கள். இதையெல்லாம் மறந்துவிட்டுக் காவலன் பாவம் என்று நான் எழுதவில்லை. காயத்துக்கு மருந்தும், நேரத்துக்கு நட்டஈடும், முழங்கால் போவதற்கு முன் பென்சனும் கேட்கிறேன். கைதி மேல் கை வைத்தால் விசாரணையில்லாமல் தப்பிக்கிற சலுகையைக் கேட்கவில்லை, அது பொலிஸுக்கே இருக்கக்கூடாது.

துவக்கும் அப்படித்தான். வேலை முடிந்த பிறகும், ஓய்வு பெற்ற பிறகும் துவக்கை மறைத்து வைத்துக்கொண்டு திரிய அமெரிக்காவில் 2004இல் பொலிஸாருக்காக ஒரு சட்டம் வந்தது, சிறைக்காவலர்களும் அதில் அடங்குவார்களா என்று அங்கே இழுபறி. இங்கே அந்த யோசனை யாருக்கும் வராமல் இருந்தால் நல்லது. இதை எழுதுமுன் அத்தானிடம் கேட்டேன், பென்சனோடு ஒரு துவக்கும் தந்தால் வாங்குவீர்களா என்று. அவர் கேற் பூட்டை வழக்கம்போல இரண்டுதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமப்பா," என்றார், "பிறகு ஒவ்வொரு நாளும் குண்டையும் எண்ண வேணும்."