பழைய இங்கிலீஷ் பாட்டும் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், வாரத்துக்கு ஒரு தடவை வானொலியில் போகும் பழைய ஆங்கிலப் பாட்டு நிகழ்ச்சிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அறுபது, எழுபதுகளின் பொப்பும் ரொக்கும் மட்டும் போடுவார்களே, அவைதான். தமிழ்ச் சஞ்சிகையில் இதெல்லாம் எதற்கு என்று திட்டு வரும் என்று பார்த்தால், கேள்விதான் கூட வந்திருக்கிறது. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

எல்லாப் பாட்டும் போனிலேயே கிடக்கிறது. ஒரு பாட்டுக்காக ஞாயிறு வரைக்கும் யார் காத்திருப்பது? (தெகிவளை வாசகர்)

பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் எந்தப் பாட்டைத் தேடுவது என்று முதலில் தெரிய வேண்டுமே? போனில் இருக்கிற செயலி, நேற்று நீங்கள் கேட்டதைப் போலவே இன்னொன்றைத்தான் இன்றைக்கும் எடுத்து நீட்டும். நல்ல அறிவிப்பாளர் செய்வது வேறு. எங்கல்பேர்ட் ஹம்பர்டிங்கின் 'ரிலீஸ் மீ' பாட்டைப் போட்டுவிட்டு, இந்த மனுஷன் 1936இல் சென்னையில் பிறந்தவர், சொந்தப் பெயர் ஆர்னல்ட் ஜோர்ஜ் டோர்சி, 1967இல் இந்தப் பாட்டுத்தான் பிரித்தானியாவில் ஆறு வாரம் முதலிடத்தில் குந்திக்கொண்டு பீட்டில்ஸின் 'பென்னி லேனை' இரண்டாம் இடத்தோடு நிற்பாட்டியது என்று சொல்லி, சொன்ன கையோடு 'பென்னி லேனை'யே போட்டார் என்றால் இரண்டையும் வேறு காதோடு கேட்பீர்கள். அடுத்தது லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்ட், பிறகு மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்த ஃபிரெடி மெர்க்குரி என்று அதே நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம். இப்படிக் கோத்துத் தரும் ஆளுக்காகத்தான் நான் ரேடியோவைப் போடுகிறேன். ஆள் சரியில்லை என்றால் நீங்கள் போனுக்கே போங்கள், நானும் வருகிறேன்.

இந்தியா முழுக்க ஒரு காலத்தில் எங்கள் இலங்கை ரேடியோவைத்தான் கேட்டது என்று அப்பப்பா அடிக்கடி சொல்கிறார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பெரிதாகக் கூட்டவில்லை. கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பரில். ஆனால் கடல் தாண்டிக் கேட்க வைத்தது அதற்குப் பிறகு வந்த பலமான சிற்றலை ஒலிபரப்பி. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகம் படையினருக்காக இங்கே ஒரு வானொலி நடத்தியது. போர் முடிந்து அந்த வசதி எங்கள் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. சரியாக அந்த நேரம் பார்த்து இந்தியாவில் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதை ஓரங்கட்டிவிட்டார். பாட்டை நிறுத்தலாம், பாட்டுக் கேட்கும் சனத்தை நிறுத்த முடியுமா? எல்லாரும் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1952இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சியை அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்து நாடாவை இங்கே அனுப்புவார், இங்கிருந்து புதன்கிழமை இரவு அது இந்தியாவுக்குத் திரும்பிப் போகும். அதுவும் வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சிதான், கவனியுங்கள். 1957இல் இந்தியா, சினிமாப் பாட்டுப் போடும் விவித பாரதி சேவையைத் தொடங்கியதற்கு எங்கள் வானொலியும் ஒரு காரணம்.

ஆங்கில சேவையில் வேர்னன் கொரேயா, ஜிம்மி பருச்சா, தமிழில் எஸ். பி. மயில்வாகனம், பிறகு கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று குரலை வைத்தே ஆளை அடையாளம் காணும் காலம் அது. அப்பப்பாவிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், பின்னேரம் முழுக்கக் கதைப்பார்.

அன்றைக்குத் தூத்துக்குடிக்கே கேட்ட ரேடியோ, இன்றைக்கு உங்கள் வாகனத்தில் கடுகண்ணாவை மலை ஏறும்போது ஏன் அறுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். சிற்றலை மேலே போய், வானத்தில் மின்னேற்றம் உள்ள அடுக்கான அயன மண்டலத்தில் பட்டுத் தெறித்துக் கீழே வரும், அதனால் கடலோ மலையோ அதற்குப் பொருட்டில்லை. எஃப்.எம் அலை நேராகப் போகிற சாதி, மலை மறித்தால் சரி, முடிந்தது. அதனால்தான் ஒரே நிலையம் ஊருக்கு ஊர் வேறு வேறு எண்ணில் வருகிறது. சத்தம் சுத்தம், தூரம் குறைவு.

பாட்டின் தொடக்கத்தில் அறிவிப்பாளர் ஏன் வாயை மூடுவதில்லை? சில பாட்டுகளை நடுவில் வெட்டியும் போடுகிறார்கள். கோபமாக வருகிறது. (வெள்ளவத்தை வாசகி)

முதல் பாதிக்குக் கோபப்படுங்கள், நானும் கூட வருகிறேன். பாடகர் வாய் திறக்கும் அந்த நொடி வரைக்கும் பேசிவிட்டு டக்கென்று நிறுத்துவது அறிவிப்பாளர்களிடையே ஒரு வித்தை, சரியாகச் செய்தால் அழகு. ஆனால் கிட்டார் தொடக்கத்துக்காகவே கேட்கிற பாட்டிலும் அதைச் செய்து காட்டுவது குற்றம். 'ஹோட்டல் கலிபோர்னியா'வின் முதல் நிமிடத்தில் வானிலை அறிக்கை வாசிப்பவரை என்ன செய்வது?

வெட்டுகிற விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள், பழி முழுக்க இவர்கள் தலையில் இல்லை. நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும். 1949இல் சின்ன 45 சுற்றுத் தட்டு வந்த பிறகும் வானொலிக்காரர்களுக்கு அந்த மூன்று நிமிடக் கணக்குப் பழகிவிட்டது. பாட்டு நீண்டால் விளம்பரத்துக்கு நேரம் போய்விடுமே. 1964இல் ரைச்சஸ் பிரதர்ஸ் பாட்டு ஒன்று 3.45 நிமிடம் வந்துவிட்டது, தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அசையவே இல்லை, தட்டில் 3.05 என்று அச்சடித்து அனுப்பிவிட்டார். நிலையங்களும் நம்பிப் போட்டன! டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்' இசைத்தொகுப்பில் ஏழு நிமிடம், வானொலிக்கு அதை மூன்றுக்கும் கீழே இறக்கினார்கள். டொன் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' எட்டரை நிமிடம் என்பதால் தட்டின் இரண்டு பக்கத்திலும் பாதி பாதியாக வந்தது. 1975இல் குயீன் மட்டும் 5.55 நிமிடத்தில் ஒரு நொடியும் குறைக்க மாட்டோம் என்று நின்றார்கள், லண்டனில் கென்னி எவரெட் என்ற அறிவிப்பாளர் 'பொஹீமியன் ரப்ஸடி'யை இரண்டே நாளில் 14 தடவை போட்டுத் தள்ளினார், அது பிரித்தானியாவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆக நீங்கள் கேட்கும் வெட்டு, சில நேரம் அந்தக் காலத்துக் கம்பனியே வெட்டியது. இந்தக் காலத்தில் முழுதாகக் கையில் இருந்தும் வெட்டிப் போடுகிறவர்களைத் திட்டி எழுதுங்கள்.

பீட்டில்ஸா, ரோலிங் ஸ்டோன்ஸா? (மருதானை வாசகர்)

காலையில் பீட்டில்ஸ், ராத்திரி ஸ்டோன்ஸ். காலி வீதி நெரிசலில் நிற்கிறீர்கள் என்றால் இரண்டும் வேண்டாம், கார்பென்டர்ஸ் போடுங்கள்.

ஜிம் ரீவ்ஸை ஏன் இலங்கையில் இப்படித் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? (வத்தளை வாசகி)

1964 ஜூலையில் விமான விபத்தில், 40 வயதில் போனவர். இன்றைக்கும் எந்தப் பழைய பாட்டு நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுத்தாலும் அவர் பெயர் வந்துவிடுகிறது. என் அபிப்பிராயம், அவர் அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி, காதுக்குள் பாடினார். ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அது பெரிய உதவி. டிசம்பரில் கடைக்குக் கடை அவருடைய நத்தார்ப் பாட்டுத்தான், கூடவே போனி எம். சாமான் வாங்கி முடிப்பதற்குள் ஒரே பாட்டு இரண்டு முறை வருவதுதான் தாங்க முடியவில்லை.

இந்தப் பாட்டுகளில் எங்கள் நாட்டுக்கு ஏதாவது பங்கு இருக்கிறதா, அல்லது வெறுமனே கேட்டுக்கொண்டுதான் இருந்தோமா? (பம்பலப்பிட்டி வாசகர்)

டியூரன் டியூரன் குழு 1982இல் இங்கே வந்து வீடியோக்கள் எடுத்தார்கள். 'சேவ் எ பிரேயர்' வீடியோவைப் பாருங்கள், சிகிரியாவும் பொலன்னறுவையும் வரும். ஆனால் உண்மையான பங்கு அது இல்லை. எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பையும் பைலாவையும் கலந்து தமிழில் பாடினார்களே, அதுதான். 'சின்ன மாமியே' தெரியாத கல்யாண வீடு உண்டா? மனோகரனின் 'சுராங்கனி' கடல் தாண்டித் தமிழ்நாட்டையும் ஆட வைத்தது. கொழும்பு ஆங்கில நிலையங்கள் ஏபா (ABBA) குழுவுக்குக் கொடுக்கும் நேரத்தில் மாதம் ஒரு ஐந்து நிமிடம் இவர்களுக்கும் கொடுக்கலாம். அதே காலம், அதே கிட்டார், அதே வயது ஆட்கள். மொழி வேறு என்றால் போனி எம் குழுவே ஜெர்மனியில் உருவானதுதானே.

அங்கிள், எங்கள் பாடசாலை ஊடகக் கழகத்தில் இடைவேளையில் 20 நிமிடம் பழைய பாட்டு போட அனுமதி கிடைத்திருக்கிறது. எப்படி அடுக்குவது? 'ஹே ஜூட்' கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். (மாணவி, கொழும்பு 6)

நல்ல விஷயம், மகள். மூன்று நிமிடப் பாட்டு ஐந்து, மீதி ஐந்து நிமிடத்தில் உங்கள் பேச்சு. அதற்கு மேல் பேச வேண்டாம். முதலாவது, மணி அடித்து எல்லாரும் கத்திக்கொண்டு வெளியே வரும் நேரம் என்பதால் தாளம் பலமானதாக இருக்கட்டும். மெதுவான பாட்டை மூன்றாவதாக வையுங்கள், அப்போதுதான் சாப்பாட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே குரல் அடுத்தடுத்து வேண்டாம், ஆணுக்குப் பிறகு பெண், குழுவுக்குப் பிறகு தனி ஆள். ஒரு பாட்டுக்கு ஒரு தகவல் போதும், அதையும் வாசிக்காமல் சொல்லுங்கள். பாடகர் பெயரை எப்படி உச்சரிப்பது என்று முதல் நாளே கேட்டுப் பழகுங்கள். கடைசிப் பாட்டை நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தொடங்குங்கள், மணி அடிக்கும்போது பாட்டும் முடிய வேண்டும்.

'ஹே ஜூட்' ஏழு நிமிடத்துக்கும் மேலே, உங்கள் நேரத்தில் மூன்றில் ஒன்றைத் தின்றுவிடும். கடைசி நாலு நிமிடம் வெறும் 'நா நா நா' என்பதால் மணி அடித்தாலும் ஒருவரும் வகுப்புக்குப் போக மாட்டார்கள். தவணைப் பரீட்சை முடிகிற அன்றைக்குப் போடுங்கள், அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.