கச்சான் காலத்தில் சுடும் வன்தட்டு

கேள்வி: அண்ணா, எனது லப்டொப் வாங்கி ஆறு வருடம். கச்சான் வெக்கைக் காற்று தொடங்கியதிலிருந்து இடது கை வைக்கும் இடம் நெருப்பாகச் சுடுகிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) 54 பாகை செல்சியஸ். இரவில் கட்டிலில் வைத்துத்தான் பாடக்குறிப்பு எழுதுவேன். இரண்டு நாளாக டிக் டிக் என்று ஒரு சத்தமும் வருகிறது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரிவரும் என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. செய்யலாமா?
– ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: டீச்சர், முதலில் லப்டொப்பைக் கட்டிலிலிருந்து தூக்கி மேசையில் வைத்து, பாடக்குறிப்புகளை வேறொன்றில் கொப்பி எடுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். எனக்குப் பயம் தருவது 54 பாகை இல்லை, அந்த டிக் டிக்தான்.

லப்டொப் வன்தட்டுகள் பெரும்பாலும் 60 பாகை வரை இயங்கலாம் என்றுதான் தயாரிப்பவர்கள் சொல்கிறார்கள். 2007இல் கூகுள் தன் சேவர்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்டபோது, சூடு கூடினால் பழுதும் கூடும் என்ற பொதுவான நம்பிக்கை அதில் அப்படியே நிற்கவில்லை. மிக அதிகச் சூட்டிலும், மூன்று வருடம் தாண்டிய தட்டுகளிலும்தான் பாதிப்பு தெரிந்தது. உங்களுடையதோ ஆறு வருடம், அதனால் 50க்குக் கீழே வைத்திருப்பதே நல்லது.

உள்ளே தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுழல, வாசிக்கும் முனை அதைத் தொடாமல் சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. ஓர் இடத்தை வாசிக்க முடியாமல் முனை திரும்பத் திரும்பப் போய் வரும்போதுதான் அநேகமாக அந்தச் சத்தம் வரும். அதே மென்பொருளில் தட்டில் பழுதான இடங்களைக் காட்டும் 05, சி5 (C5) என்று தொடங்கும் இரண்டு வரிகளின் கடைசி எண்ணைப் பாருங்கள், பூச்சியமாக இல்லாவிட்டால் தட்டு பழுதாகத் தொடங்கிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். சத்தம் கூடினால் உடனே நிறுத்திவிடுங்கள், தட்டைச் சோதிக்கும் ஸ்கான், கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் எதுவும் போட வேண்டாம்.

சரி, சூட்டுக்கு வருவோம். மெத்தையில் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபடும், புரொசஸரின் சூடு வெளியே போகாமல் பெட்டிக்குள்ளேயே சுற்றி வன்தட்டிலும் ஏறும். சீற் கூரை வீடென்றால் இரவிலும் அறை ஆறாது. போன வாரம் நான் கழற்றிய ஒன்றில், சின்ன ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே தலையணைப் பஞ்சும் புழுதியும் சேர்ந்து சாம்பல் நிறத் துணிபோல் இறுகியிருந்தது. குறட்டால் பிடித்து இழுக்க ஒரே உரியாக வந்தது. வருடத்துக்கு ஒருமுறை இதைத் துப்புரவாக்கக் கொடுங்கள்.

ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம், டீச்சர். குளிர்ந்த சோடாப் போத்தலை வெளியே வைத்தால் எப்படி வியர்க்கிறது? நம் வாவிக்கரைக் காற்றில் ஈரம் அவ்வளவு. வன்தட்டில் காற்று போய்வர ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது, ஈரம் உள்ளே போய்த் தட்டில் படிந்தால் அப்புறம் குறிப்புகளை மீட்பது பெரும்பாடு.

கேள்வி: வன்தட்டுக்குப் பதிலாக, சிப்பில் பதியும் எஸ்எஸ்டி (SSD) போட்டால் சூட்டைப் பற்றி யோசிக்கத் தேவையில்லையா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் தட்டு தேயும், முனை இடிக்கும் என்ற பயம் இல்லை. ஆனால் அதுவும் அதிகம் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் கொடுக்காமல் சூடான அலுமாரிக்குள் வருடக்கணக்கில் போட்டு வைத்தால் பதிவானது அழியவும் கூடும், ஆகவே பழைய படங்களைச் சேமிக்க அதை மட்டும் நம்பாதீர்கள்.