அமெரிக்கச் சிறு கல்லூரியில் ஃபுட்பால் உதவிப் பயிற்சியாளர் வேலையை நம்பிப் போகலாமா?

கேள்வி இதுதான்: கணக்கியல் பட்டம் முடித்த மகன், நான்கு ஆண்டுகள் தான் ஆடிய சிறு கல்லூரியிலேயே அமெரிக்க ஃபுட்பால் அணியின் உதவிப் பயிற்சியாளராகச் சேரப் போகிறேன் என்கிறான், இதைப் பிழைப்பாக நம்பலாமா, சம்பளம் எவ்வளவு கிடைக்கும்? கேட்டவர் தந்தையா தாயா என்று தெரியவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு பலமுறை எழுந்து, ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று போயிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் பதினொரு வயதில் பெற்றோருடன் கரூரிலிருந்து ஒஹாயோவுக்கு வந்தவன். உயர்நிலைப் பள்ளியில் என் உடற்கட்டைப் பார்த்து அஃபென்சிவ் லைனில் நிறுத்தினார்கள். பந்தைத் தொடாமல், பந்து வைத்திருப்பவனுக்கு வழி திறந்துவிடும் ஐந்து பேரில் ஒருவன். கல்லூரியிலும் அதே இடத்தில் ஆடிவிட்டு, 2013 முதல் 2018 வரை இரண்டு சிறு கல்லூரிகளில் அந்த ஐவருக்குப் பயிற்சியளித்தேன். ஆறு சீசன் என்பது ஓர் அனுபவமா என்று இதில் முப்பது ஆண்டு இருந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதனால் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973இல் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. மூன்றாவது டிவிஷனில் ஏறத்தாழ 240 கல்லூரிகள் ஃபுட்பால் ஆடுகின்றன. அவற்றில் எதுவும் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது. தொலைக்காட்சி ஒப்பந்தமும் எண்பதாயிரம் பேர் அமரும் மைதானமும் பெரிய கல்லூரிகளுக்கு. அப்படியிருந்தும் ஆயிரத்து இருநூறு மாணவர்கள் படிக்கும் ஒரு கல்லூரி நூற்றிருபது பேர் கொண்ட அணியை ஏன் வைத்திருக்கிறது? அந்த நூற்றிருபது பேரும் கட்டணம் செலுத்தும் மாணவர்கள் என்பதால்தான். பட்டியலில் பாதிப் பேர் ஒரு சனிக்கிழமைகூடக் களத்தில் இறங்கமாட்டார்கள். ஆகவே, உதவிப் பயிற்சியாளரின் முதல் வேலை பையன்களைக் கொண்டுவந்து சேர்ப்பது. என் பங்கு ஆண்டுக்குப் பதினைந்து பேர். மே 1ஆம் தேதிக்குள் எத்தனை பேர் முன்பணம் கட்டினார்கள் என்ற எண்தான் என் வேலையை அளந்தது. எங்கள் ஐவர் எப்படி ஆடினார்கள் என்று கல்லூரி நிர்வாகத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை ஆட்டத்தின் வீடியோவை ஒவ்வொரு நகர்வாகப் பிரித்து, எத்தனையாவது டவுன் (பத்து கஜம் முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் ஒன்று), எத்தனை கஜம் மீதி, என்ன அணிவகுப்பு என்று ஹடில் மென்பொருளில் பதிவேன். வியர்வையில் நனைந்த சீருடைகளை இரவு பதினொரு மணிக்கு இயந்திரத்தில் போடுவேன். காலை ஆறு மணிக்கு எடைப் பயிற்சி அறையைத் திறப்பேன். வசந்தகாலத்தில் குண்டெறிதல் வீரர்களையும் என் பொறுப்பில் விட்டார்கள். இதில் எதுவும் எனக்குக் கசக்கவில்லை.

கசந்தது 2016 மார்ச்சில் நடந்தது. யங்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் ஓர் ஊர்; எஃகு ஆலைகள் மூடிய பிறகு இளைத்துப்போன வட்டாரம். பையன் நல்ல உயரம், நீண்ட கைகள், ஐவர் வரிசையின் இடது ஓரமான டாக்கிள் இடத்துக்கென்றே பிறந்தவன். அவன் அம்மா முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்து வந்த சீருடையோடு எனக்குக் காப்பி போட்டுத் தந்து, கல்லூரி அனுப்பிய கடிதத்தை மேசையில் விரித்தார். மொத்தச் செலவு 39,000 டாலர். அதற்குக் கீழே, ‘உங்களுக்கான நிதியுதவி’ என்ற தலைப்பில் மூன்று வரிகள்: கல்லூரியின் நன்கொடை 20,500, மாணவர் நேரடிக் கடன் 5,500, பேரண்ட் பிளஸ் 13,000. கடைசி வரியில், செலுத்த வேண்டிய மீதி பூஜ்யம். அந்த அம்மா பூஜ்யத்தின் மேல் விரலை வைத்து என் கண்ணைப் பார்த்து நன்றி சொன்னார்.

பேரண்ட் பிளஸ் என்பது பெற்றோர் தம் பெயரில் வாங்கும் அரசுக் கடன். கடிதத்தில் இருந்த பெயரில் கடன் என்ற சொல்லே கிடையாது. அந்தக் கணத்தில் நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். என் கணக்கில் அதுவரை பதினொரு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். நிதியுதவி அலுவலகத்தைக் கூப்பிட்டு ஒருமுறை பேசிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். பையன் வந்தான், மூன்று செமஸ்டர் இருந்தான், கட்ட முடியாமல் நின்றான். அவனுக்கும் அம்மாவுக்கும் கடன் மிஞ்சியது, பட்டம் இல்லை.

இதைப் படிக்கும் பயிற்சியாளர்கள், கடிதம் எழுதியது நீ இல்லையே, உதவித்தொகையில் ஒரு காசு கூட்டவோ குறைக்கவோ விதி உன்னை அனுமதிக்கவும் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது நான். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் பேனாவை எடுத்து, கடன் வரிகளின் கீழே கோடு போட்டு, வட்டி உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். 2017இல் என் எண்ணிக்கை ஒன்பதுக்கு இறங்கியது. தலைமைப் பயிற்சியாளர் திட்டவில்லை. பதினைந்து எங்கே என்று மட்டும் கேட்டார், ஏனென்றால் அவரிடமும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாக் கல்லூரிகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. கட்டணத்தை நம்பி மூச்சுவிடும் கல்லூரிகளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இவ்வளவு இருந்தும் ஆறு ஆண்டு ஏன் இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் மகனை இழுப்பது அதுதான். நம் ஆள் பந்தை எறியும்வரை எதிராளியைத் தடுத்து நிறுத்த டாக்கிள் பின்னால் நகரும் முதல் அடியைக் கிக் ஸ்டெப் என்போம். வெளிக்கால் பின்னே வழுக்க வேண்டும், உள்கால் தரையை விட்டு எழவே கூடாது, எடை முழுவதும் உட்காலின் உட்புறத்தில் தங்க வேண்டும், கைகள் எதிராளி தொடும்வரை காத்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையன் பயத்தில் முதலில் கையை நீட்டுவான். நீட்டியதும் தோள் முன்னே சாயும். சாய்ந்தவனைச் சுற்றிக்கொண்டு எதிராளி போய்விடுவான். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை தினமும் இருபது நிமிடம், அந்த ஒரே அடி. ஒரு மாலை, குளிரில் மூச்சு புகையாக வரும் நேரத்தில், ஒருவனுடைய கை தானாகக் காத்திருக்கும். அவனுக்கே அது தெரிந்து திரும்பி என்னைப் பார்ப்பான். அதற்கு இணையாக வேறொரு வேலையில் எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

2018 நவம்பரில் கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் காலை தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள். அவர் போனால் உதவியாளர்கள் அனைவரும் போவது இந்தத் தொழிலின் வழக்கம். பத்து நிமிடத்தில் சாவியும் மடிக்கணினியும் கைமாறின. அடுத்த ஆண்டுக்காக நான் பேசிவைத்திருந்த குடும்பங்களை இனி அழைக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். உங்கள் பையனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்த ஏழு வீடுகள் அவை. 2019 ஜனவரியில் சான் அன்டோனியோவில் நடந்த பயிற்சியாளர் சங்க மாநாட்டுக்குச் சொந்தச் செலவில் போய், விடுதி முகப்பில் என்னைப் போலவே தன்விவரத் தாளுடன் நின்ற பலரோடு நின்றேன். வேலை கிடைக்கவில்லை. இப்போது உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். மாலையில் அங்குள்ள அணிக்கு அதே அடியைச் சொல்லித் தருகிறேன்.

நிக் சிரியானியின் பெயரை உங்கள் மகன் நிச்சயம் சொல்லுவான். ஒஹாயோவில் மூன்றாவது டிவிஷன் கல்லூரியான மவுண்ட் யூனியனில் ஆடி, 2004இல் அங்கேயே உதவியாளராகத் தொடங்கி, 2025இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு, அந்த லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்று கொடுத்தவர். உண்மை. அதே மவுண்ட் யூனியனில் லாரி கேரஸ் 27 சீசனில் 332 வெற்றியும் 11 தேசியப் பட்டமும் பெற்று, வேறெங்கும் போகாமல் நிறைவாக ஓய்வு பெற்றதும் உண்மை. ஆனால் இவை தலைமைப் பயிற்சியாளர்களின் கணக்கு. அந்த வெற்றிகளில் வியர்வை சிந்திய உதவியாளர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இப்படி வரிசையாக நிற்பதில்லை.

சம்பளத்தையும் கேட்டிருந்தீர்கள். பட்டமேற்படிப்பு உதவியாளராக முதல் இரண்டு ஆண்டு எனக்குக் கல்விக் கட்டண விலக்கும், விடுதி அறையும், பத்து மாதத்துக்கு 8,000 டாலரும் கிடைத்தன. முழுநேரமானபோது ஆண்டுக்கு 31,000. அவனைத் தடுக்காதீர்கள். சேருமுன் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: ஒரு பயிற்சியாளர் ஆண்டுக்கு எத்தனை பையன்களைச் சேர்க்க வேண்டும், அவர்களில் எத்தனை பேர் நான்காம் ஆண்டு வரை இருக்கிறார்கள். முதல் கேள்விக்கு உடனே எண் வந்து இரண்டாவதற்கு எண்ணே வராவிட்டால், அவன் வேறு கல்லூரியைப் பார்க்கட்டும்.