வாசகர் கேள்வி பதில்: சுண்ணாம்பு போட்டும் மஞ்சள் போகவில்லை

கேள்வி: மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு நிக்கல், குரோம் பூசும் சிறு பட்டறை நடத்துகிறோம். கழுவிய நீரை 200 லீற்றர் பீப்பாயில் பிடித்து, தேயிலைக்குப் போடும் டொலமைற்றை (ஒருவகைச் சுண்ணாம்புக் கல் தூள்) கலக்குகிறோம். அடியில் ஏதோ படிகிறது, ஆனால் நீரின் மஞ்சள் நிறம் போகவில்லை. படிந்த சேற்றைத் தேயிலை மலையில் கொட்டலாமா?
வாசகர், ஹட்டன்

பதில்: அந்த மஞ்சள், ஆறு வலுவளவுக் குரோமியம், அதாவது நீரில் கரைந்து நிற்கும் நச்சு வடிவம். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் அது அடியில் படியாது. முதலில் அதைப் படியக்கூடிய மூன்று வலுவளவு வடிவத்துக்கு இறக்க வேண்டும். டொலமைற் மெதுவாகவே கரையும், பி.எச். (அமில, கார அளவு) 8 அளவில் நின்றுவிடும். நிக்கல் படிய 10க்கு மேல் வேண்டும். ஆகவே நீறிய சுண்ணாம்பு வாங்குங்கள். குரோம் கழுவிய நீரையும் நிக்கல் கழுவிய நீரையும் வெவ்வேறு பீப்பாயில் பிடியுங்கள்.

குரோம் பீப்பாயில், ஐதான சல்பூரிக் அமிலத்தால் பி.எச்.ஐ 2.5க்குக் கொண்டுவாருங்கள். சயனைட்டுத் தொட்டி நீர் ஒரு கோப்பைகூட இதில் கலக்கக் கூடாது. உயிர் குடிக்கும் வாயு கிளம்பும். பிறகு குரோமியத்தை இறக்கும் சோடியம் மெற்றாபைசல்பைற்று: ஒரு கிராம் குரோமியத்துக்கு 3 கிராம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குரோமியம் இருந்தால் பீப்பாய்க்கு 30 கிராம். கந்தக நெடி வரும், திறந்தவெளியில் செய்யுங்கள். அரை மணி நேரம் கலக்க, மஞ்சள் மாறி இளம் பச்சை தெரியும். பி.எச். 4இல் இதையே செய்தால் மணிக்கணக்காகும். பலர் தவறுவது இங்கேதான்.

அடுத்து சுண்ணாம்புப் பால் (நீறிய சுண்ணாம்பை நீரில் கலக்கியது). பி.எச். 8.5இல் நிறுத்துங்கள், 10ஐத் தாண்டினால் படிந்த குரோமியம் திரும்பவும் கரையத் தொடங்கும். மலைநாட்டு ஓடைநீர் மென்னீர் என்பதால் பி.எச். சட்டென்று எகிறும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளந்துகொண்டே இருங்கள். நிக்கல் பீப்பாய்க்கு அமிலம் வேண்டாம், நேரே 10.3க்கு ஏற்றலாம். பூச்சுத் தொட்டிக் கரைசலில் அமோனியா கலந்திருந்தால் நிக்கல் படியாமல் நிற்கும்.

திரள் பெருக, 0.1% எதிரயனிப் பொலிஅக்ரிலமைட்டுக் கரைசல் 200 மில்லிலீற்றர் ஊற்றி, கால் மணி நேரம் மெல்லக் கலக்கி, இரவு முழுக்க விடுங்கள். தெளிந்த நீரை மணல் வடியில் வடித்த பிறகே அமிலம் சேர்த்து பி.எச்.ஐ 7க்கும் 8க்கும் இடையில் கொண்டுவர வேண்டும். சேறு கிடக்கும்போதே அமிலம் விட்டால் உலோகம் மீண்டும் நீருக்குள் போகும். சோதனைக்கு விடும் டைபீனைல்கார்பசைட்டு ஊதாவாகவோ (ஆறு வலுவளவுக் குரோமியம் மீதி), டைமெதில்கிளையொக்சைம் சிவப்பாகவோ (நிக்கல் மீதி) மாறினால் நீரை ஓடைக்கு விடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் போடவே வேண்டாம். அது குரோமியத்தைப் பழைய நச்சு நிலைக்கே ஏற்றிவிடும்.

சேற்றைத் தேயிலை மலையில் கொட்டக் கூடாது. தேயிலை மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை, நீங்கள் பாடுபட்டுப் படியவைத்த நிக்கல் அந்த அமில மண்ணில் கரைந்து மழையோடு ஓடைக்கு இறங்கும். மழை படாத கூரையின்கீழ் உலர்த்தி, உறையிட்டு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

கேள்வி: கிணற்று நீரில் ஈயம் இருப்பதாக அறிக்கை வந்தது. சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்துக் குடிக்கலாமா?
வாசகி, பண்டாரவளை

பதில்: வேண்டாம். பட்டறைக் கழிவை அடக்கும் முறை குடிநீரின் அளவுக்குச் சுத்தம் தராது. கொதிக்கவைத்தால் ஈயம் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். வேறு நீர் குடியுங்கள். குழாயிலிருந்து ஒன்று, நேரே கிணற்றிலிருந்து ஒன்று என இரண்டு மாதிரிகள் எடுத்துச் சோதியுங்கள். குழாய் நீரில் மட்டும் ஈயம் தெரிந்தால் குற்றம் கிணற்றில் இல்லை, பெரும்பாலும் பழைய பித்தளைப் பொருத்துகளிலோ பற்றாசிலோ இருக்கும்.