குறை சொன்னால் அழுகிற பெண்ணுக்கு டிவி வேலை ஒத்துவருமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். டிவியில் வேலை செய்ய ஆசை. பொள்ளாச்சியிலிருக்கும் தாய்மாமன் கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அட்வான்ஸும் கட்டிவிட்டார். மீதிக்குத் தென்னந்தோப்பை அடகு வைக்கப் பேச்சு நடக்கிறது. அம்மாவின் கவலை வேறு. "பாப்பா செஞ்ச வீடியோவை அவங்கப்பா ஒரு வார்த்தை குறை சொல்லிட்டாப் போதுங்க, ரெண்டு நாள் சரியாச் சாப்பிட மாட்டா. இவ டிவில போய் எப்படித் தாக்குப்பிடிப்பா?"

அக்கா, அவள் அழுவதில் அதிசயம் எதுவும் இல்லை. தான் செய்ததைக் குறை சொன்னால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். வருஷக்கணக்கில் சீரியல் எடுப்பவருக்கும் வியாழக்கிழமை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற டிஆர்பி கணக்கு வரும்போது வயிற்றைப் பிசையத்தான் செய்யும். மறுநாள் ஷூட்டிங்கில் என்ன மாற்றலாம் என்று யோசிக்க அவர் பழகியிருப்பார், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? "நல்லாவே இல்ல." எந்த இடம், எதனால் என்று இல்லாத அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பிள்ளை அழாமல் வேறு என்ன செய்வாள்?

கூடப்பிறந்தவர் மனசு கோணும் என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது. கணக்குப் பாடத்தைக் கண்டாலே ஒதுங்குகிற பெண்ணை, தோப்பை அடகு வைத்து நான்கு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸில் உட்கார வைப்பதை நான் ஒப்ப மாட்டேன். படிப்பு பாதியில் நின்றால் வட்டி கட்டப்போவது மாமா இல்லை.

டிவி என்றதும் டைரக்‌ஷன், ஆங்கரிங் என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது எடிட்டிங், எடுத்த காட்சிகளை வெட்டிச் சேர்க்கிற வேலை. பாப்பா இப்போதே ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து செய்வது அந்த வேலையைத்தான். குறை கேட்பதையே தினசரிச் சாப்பாடாகக் கொண்ட தொழிலும் அதுதான்.

அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிஷம் சொச்சம் கதை ஓடும். எடிட்டர் முதலில் ஒரு ரஃப் கட், அதாவது மேலோட்டமாகச் சேர்த்த முதல் வடிவம், போட்டுக் காட்டுவார். பிறகு டைரக்டர், எபிசோட் டைரக்டர், சேனலின் கிரியேட்டிவ் ஹெட் என்று மூன்று பக்கமும் கரெக்‌ஷன் வரும். வருகிற பாஷையைக் கேளுங்கள்: "லாக் அடிக்குது." "ஃபீல் வரல." "இன்னும் கொஞ்சம் அழுகை வேணும்." நோயாளி வயிற்று வலி என்று சொன்னால் டாக்டர் அமுக்கிப் பார்த்து இடம் கண்டுபிடிப்பதைப் போல, இதைக் கேட்டு எங்கே கோளாறு என்று தேடுவதுதான் எடிட்டரின் திறமை.

மருமகளை வீட்டைவிட்டு அனுப்பும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுகை பத்தவில்லை என்று கரெக்‌ஷன் வருகிறது. புது ஆள் உடனே இன்னொரு குளோசப்பை நுழைத்து, மியூசிக்கை ஏற்றிவிடுவார். விஷயம் தெரிந்தவர் கொஞ்சம் முன்னே போய்ப் பார்ப்பார். மாமியார் கதவைச் சாத்தியதுமே ஷாட் மாறிவிடுகிறது. வெளியே நிற்கிற மருமகளின் முகத்தைப் பார்க்கவே நேரம் இல்லை. நம் நாட்டு டிவியில் ஒரு விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படங்கள். அந்த முகத்தில் ஒரு 40 ஃபிரேம் சத்தமில்லாமல் நிறுத்தினால், பின்னால் வரும் அழுகை அப்படியே எடுபடும். கேட்டவருக்கும் திருப்தி, காட்சியும் கெடவில்லை.

இதற்கென்று சில பழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு குறையையும் டைம்கோடோடு, அதாவது எந்த நிமிஷம், எந்த விநாடி என்பதோடு, எழுதிக்கொள்வது. எழுதி முடிக்கும்வரை எதிர்வாதம் பண்ணாதது. டைரக்டர் நீளத்தைக் குறைக்கச் சொல்கிறார், சேனல் அப்படியே விடு என்கிறது என்றால், நாமாக ஒரு பக்கம் சாயாமல் இருவரையும் பேச வைப்பது. அப்புறம், பழைய வெர்ஷனை அழிக்கவே கூடாது. நாலு தடவை மாற்றிய பிறகு "முதல்ல இருந்ததே நல்லா இருந்துச்சே" என்று சொல்லாத டைரக்டரை நான் கேள்விப்பட்டதில்லை.

குறை சொல்லவும் அவள் கற்க வேண்டும். டைரக்டரிடம் "இந்த சீன் சரியில்ல சார்" என்றால் கதவு மூடிவிடும். "இந்த இடத்துல யாரைப் பார்த்துப் பேசறாங்கன்னு எனக்குப் புரியல சார்" என்று, அதுவும் நாலு பேர் இல்லாத நேரத்தில் சொன்னால், பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். தான் என்ன உணர்ந்தோம் என்பதைச் சொல்லி, எப்படிச் சரிசெய்வது என்பதை அவரிடம் விட்டுவிட வேண்டும். கேட்கவில்லையா, சரி, அவர் சொன்னபடியே வெட்டிக் கொடுத்துவிட வேண்டியதுதான். கடைசி வார்த்தை அவருடையது.

வழி இது. உங்கள் பக்கத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவும் தாங்கும். கேரளத்தில் 2024 முதல் பட்டப்படிப்பு நான்கு வருஷமாகிவிட்டாலும், மூன்று வருஷத்தில் பட்டம் வாங்கி வெளியே வர வழி உண்டு. வசனத்தில் எந்தச் சொல்லை வெட்டினால் அர்த்தம் கெடும் என்று தெரிந்த எடிட்டருக்கு மதிப்பு தனி. பட்டம் கையில் இருந்தால் புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தின் டிவி பிரிவில் வீடியோ எடிட்டிங்குக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். அது ஓராண்டுப் படிப்பு. கோட்டயம் அருகே தெக்கும்தலையில் கே.ஆர். நாராயணன் பெயரிலுள்ள கேரள அரசுத் திரைப்பட நிறுவனத்திலும் எடிட்டிங் படிப்பு இருக்கிறது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே பழகப் போதும். விடுமுறையில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் உட்காரட்டும். "மாப்பிள்ளையோட பெரியப்பா ஒரு இடத்துலகூட வரலையே" என்று சண்டைக்கு வருகிறவரைச் சமாளித்து, மூன்று மணி நேர ஃபுட்டேஜில் பெரியப்பாவைத் தேடிப்பிடிப்பதைவிட நல்ல பயிற்சி எந்தக் கல்லூரியிலும் இல்லை.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சீரியல் எடிட்டிங்கில் ராத்திரி வேலை உண்டு, ஆரம்பச் சம்பளம் குறைவு, அதுவும் சில இடங்களில் தாமதமாகத்தான் வரும். பெண்பிள்ளை ராத்திரி எப்படி வீடு திரும்புவாள் என்று சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதெல்லாம் கேட்ட பிறகும் அவள் வேண்டும் என்றால், குறுக்கே நிற்காதீர்கள்.

வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த வீடியோவைப் பார்க்கும்போது எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கத் தோன்றியதோ, அந்த நிமிஷத்தை மட்டும் குறித்துக் கொடுக்கட்டும்; அதற்குமேல் பேச வேண்டாம். கூடப்பிறந்தவரிடம் பேச வேண்டியது நீங்கள். கட்டிய அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். தோப்புப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.