பாவசங்கீர்த்தனம் செய்தால் கணக்கு முடிந்ததா?

'பாவம் செய்துவிட்டுச் சாமியாரிடம் போய்ச் சொன்னால் மன்னிப்பு கிடைத்துவிடும் என்றால், கிறிஸ்தவத்தில் கட்டளைகள் எதற்கு?' என்று கேட்டிருக்கிறீர்கள். (சாமியார் என்றால் எங்கள் கத்தோலிக்கக் குரு; அவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம்.) கிறிஸ்தவர் யாரோ உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார் போல. கேள்வியிலேயே அந்தச் சூடு தெரிகிறது. "உங்களுக்கென்னப்பா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனா கணக்கு முடிஞ்சுது" என்று என்னிடமும் நிறைய பேர் சொல்லியிருக்கிறார்கள்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கன், அவ்வளவுதான். பெந்தெகொஸ்தே சகோதரர்கள் வசனத்தோடு சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் சபையில் முறை வேறு என்று தெரியும். என் மனைவியே சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர். பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையே வேறு: 'களவு செய்யாதே' எங்களுக்கு ஏழாம் கட்டளை, அவர்களுக்கு எட்டாம் கட்டளை. எங்கள் வீட்டில் அதற்கே இன்னும் முடிவு வரவில்லை.

நான் விழுந்தது அந்தக் கட்டளையில்தான். 1997, எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு அண்ணாச்சியின் இரும்புக்கடையில் வேலை. கல்லாவிலிருந்து பத்து, இருபது என்று நாலு மாதத்தில் ஏறக்குறைய எண்ணூறு ரூபாய் எடுத்திருந்தேன். வயிற்றுக்கு இல்லாமல் எடுத்தேன் என்றால் பொய். சினிமாவுக்கும் புரோட்டாவுக்கும் போனது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை; எங்கள் வீட்டில் அதை அமல்படுத்தியது அம்மா. தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திவிட்டார். சாமியார் மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்வார், ஆளை விடுவார் என்று நினைத்தேன். அவரோ, "பணத்தை எப்போ திருப்பிக் குடுக்கப் போற?" என்றார். பேரைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, கமுக்கமாகப் போட்டாலும் போதும், ஆனால் கொடுக்காமல் மனஸ்தாபப்பட்டேன், அதாவது பாவத்துக்கு வருந்தினேன் என்று மட்டும் சொல்லாதே என்றார். (பாவசங்கீர்த்தன ரகசியம் சாமியாரைத்தான் கட்டும், சொன்னவனைக் கட்டாது. அதனால் இதை நான் சொல்லலாம்.)

எடுப்பது சுலபமாக இருந்தது. திருப்பி வைப்பதுதான் பெரும்பாடு. சம்பளத்திலிருந்து ஐம்பது ஐம்பதாகக் கல்லாவில் செருகினேன். இரண்டாம் வாரமே அண்ணாச்சிக்குக் கணக்கு இடித்தது. பணம் கூடுதலாக இருந்தால் யாரோ பில் போடாமல் சரக்குக் கொடுத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? பில் போடும் பையன் மாட்டிக்கொண்டான். "ஏலே, எவனுக்குல பில்லில்லாம ஆணி குடுத்த?" என்று கேட்டவர், வாடிக்கையாளர்கள் பார்க்க அவனை அறைந்துவிட்டார். அவன் என்னைவிட மூன்று வயது இளையவன்.

சாயங்காலம் மீதிப் பணத்தைக் கடன் வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி எண்ணிப் பார்த்தார். கல்லாவில் போட்டார். "போய் லோடு இறக்கு" என்றார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதற்கப்புறம் மூன்று வருடம் அங்கே இருந்தும், அவர் சாப்பிடப் போகும் நேரத்தில்கூட என்னைக் கல்லாவில் உட்கார வைக்கவில்லை. அந்தப் பையன் என்னிடம் மறுபடி பேசியது தீபாவளிக்குத்தான்.

1992-இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1459-ஆம் எண்ணில் இது இருக்கிறது: மன்னிப்பு பாவத்தை எடுத்துவிடும், பாவம் செய்த கேடு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது, களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரி வசூலித்த சக்கேயுவும், ஏமாற்றியது எதுவானாலும் நாலு மடங்கு தருகிறேன் என்றுதானே இயேசுவிடம் சொன்னார்? ஆகவே உங்களை ஏமாற்றியவர் கோயிலில் அழுதிருந்தாலும் உங்கள் பணம் அவரிடம் கடனாகத்தான் நிற்கிறது. தைரியமாகக் கேளுங்கள்.

இதை இவ்வளவு கறாராக எங்களுக்குச் சொல்லித்தருகிறவர்கள் தங்கள் கணக்கிலும் அப்படி இருந்தால் நன்றாக இருக்கும். என் தங்கை கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க, அதாவது கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டும் என்று போனபோது, மூன்று வருடக் கோயில் வரிப் பாக்கியைக் கட்டினால்தான் ஆச்சு என்றார்கள். அப்பா படுத்த படுக்கையாக இருந்த மூன்று வருடம் அது. சாமியாரைக் குறை சொல்லவில்லை, கமிட்டிக்காரர்களைச் சொல்கிறேன். கட்டினோம். அதற்கு ரசீது இன்றுவரை வரவில்லை.